கொலையாகாத மரணம்: ‘ஹோமிசைட்’ என்னும் சொல்லும் சிவகாசிப் பட்டாசு ஆலைகளும்

ஹோமிசைட் என்பது ஒரு மனிதரின் சாவுக்கு இன்னொரு மனிதர் காரணமாவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழில் இதற்கு நேரான ஒற்றைச்சொல் வழக்கில் இல்லை. ‘கொலை’ என்று பெயர்த்தால் பொருள் மிகுந்துவிடுகிறது. ‘மரணம் விளைவித்தல்’ என்று பெயர்த்தால் குற்றம் கழன்றுவிடுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் இச்சொல்லின் முன்னால் ‘கல்பபிள்’, அதாவது குற்றமுள்ள, என்னும் அடைமொழியைச் சேர்த்தது. அதில் ஒரு பகுதியை ‘மர்டர்’ என்று பிரித்து, மீதியை ‘கொலைக்குற்றம் ஆகாத, குற்றமுறு மரணம் விளைவித்தல்’ என்றது. நாளிதழ்கள் இதைச் சுருக்கி ‘கொலையாகாத மரணத்தை ஏற்படுத்துதல்’ என்று எழுதுகின்றன. இச்சொற்றொடர் அடிக்கடி எழுதப்படும் இடங்களில் விருதுநகர் மாவட்டம் ஒன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை வெடிக்கும் ஒவ்வொரு முறையும், இறந்தவர்கள் விபத்தில் இறந்தார்களா, யாரேனும் அவர்கள் சாவை விளைவித்தார்களா என்ற கேள்வி, எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது என்ற வடிவில் காவல் நிலையத்துக்கு வருகிறது.

சொல்லின் வேர்

இலத்தீனில் ‘ஹோமோ’ மனிதன். ‘கைடெரே’ வெட்டுதல், அடித்து வீழ்த்துதல். இரண்டும் சேர்ந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொன்ற செயலுக்கும் கொன்ற ஆளுக்கும் இலத்தீன் மரபிலேயே கிட்டத்தட்ட ஒரே சொல்தான். அது வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் உள்நாட்டுச் சொற்கள் இருந்தன. ‘மர்டர்’ ஜெர்மானிய வேர் கொண்டது. தொடக்கத்தில் மறைவாகச் செய்யப்பட்ட கொலையைக் குறித்தது. இலத்தீன் ‘மோர்ஸ்’, சமஸ்கிருத ‘மரணம்’ ஆகியவற்றோடு இதற்கு ஒரே மூலம் சொல்லப்படுகிறது. ஆக, தமிழில் நாம் மென்மையான சொல்லாக எண்ணி வழங்கும் மரணம், ஆங்கிலத்தின் மிகக் கடுமையான கொலைச்சொல்லுக்குத் தூரத்து உறவு. ‘கில்’ என்பதன் பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை; பழைய ஆங்கிலப் பிரதிகளில் அது அடித்தல் என்ற பொருளிலும் வருகிறது.

இவற்றுள் ஹோமிசைட் மட்டும் நடுநிலைச் சொல். தற்காப்புக்காகக் கொன்றவர், தண்டனையை நிறைவேற்றும் அலுவலர், கை தவறிக் கொன்றவர் எல்லோரும் அதற்குள் அடங்குவர். குற்றம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். சட்டம் எழுதுபவர்களுக்கு இது வசதியான சொல்.

தமிழின் ‘கொல்’ அப்படிப்பட்டதன்று. அது செயப்படுபொருள் வேண்டும் வினை, எழுவாயும் வேண்டும். ‘கொன்றான்’ என்றால் யார் என்ற கேள்வி உடனே எழும். (தொல்காப்பியம் ‘கொல்’ என்றோர் இடைச்சொல்லையும் சொல்லி, அதற்கு ஐயப் பொருள் தருகிறது. இரண்டும் வேறு சொற்கள்தாம். ஆனாலும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இரண்டும் பொருந்திப் போகின்றன.) ஆங்கிலத்தில் வெடிப்பையே எழுவாயாக்கி, வெடிப்பு ஒன்பது பேரைக் கொன்றது என்று தலைப்பிடலாம். தமிழ் நாளிதழ் அப்படி எழுதாது. ‘பட்டாசு ஆலை வெடி விபத்தில் 9 பேர் பலி’ என்றே எழுதும். பலி என்பது படையல். யாருக்கு, யார் படைத்தது என்று அச்சொல் கேட்பதில்லை. ‘இறந்தனர்’, ‘உயிரிழந்தனர்’, ‘உடல் கருகிப் பலியாயினர்’ என்னும் எந்த வடிவிலும் செய்தவர் இடம் காலியாகவே இருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. மனிதர் ஒருவரின் சாவுக்குக் காரணமான வண்டி, விலங்கு, இயந்திரம் எதுவானாலும் அதையோ அதன் மதிப்பையோ அரசு பறிமுதல் செய்யும். அப்பொருளை ‘டியோடண்ட்’ என்பர். கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்பது அதன் நேர்ப்பொருள். வண்டிச் சக்கரத்துக்கும் முட்டும் மாட்டுக்கும் பல நூற்றாண்டுகள் இந்த வழக்கம் ஓடியது. இரயில் வந்ததும் சிக்கலாயிற்று. 1841-ல் சோனிங் என்னுமிடத்தில் நடந்த விபத்துக்குப் பின், மரண விசாரணை நடுவர் குழு இரயில் எஞ்சின் மீது ஆயிரம் பவுன் டியோடண்ட் விதித்தது. முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். 1846-ல் டியோடண்ட் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கோரும் சட்டமும் வந்தது. அதன் இந்திய வடிவம் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டம். பொருளைக் குற்றவாளியாக்குவது நின்றது. அதற்குரிய மனிதர் யார் என்று கேட்பது மெல்லத்தான் தொடங்கியது.

நம் மரபில் இக்கேள்வி வேறு விதமாக வருகிறது. மனுநீதிச் சோழன் கதையில் இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணித் தேரோட்டவில்லை. கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. இன்றைய வழக்கறிஞர் எடுத்துவைக்கும் வாதங்கள் எல்லாம் அமைச்சர்களின் வாயில் உண்டு. மன்னன் ஏற்கவில்லை. நோக்கமில்லாத சாவையும் கொலையாகவே எடுத்த கடுமையான நீதி அது. அதை இன்று யாரும் கேட்பதில்லை. நோக்கமில்லாத சாவுக்கும் ஒரு கணக்கு உண்டு என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று என்பதற்காக இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்குள் வந்த கதை

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் தண்டனைச் சட்ட வரைவை அளித்தது. அது கால் நூற்றாண்டு அலமாரியில் கிடந்தபின், பார்ன்ஸ் பீகாக் போன்றோரின் திருத்தங்களோடு 1860 அக்டோபர் 6 அன்று சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 299-ஆம் பிரிவு ‘கல்பபிள் ஹோமிசைட்’ எதுவென்று சொன்னது. 300-ஆம் பிரிவு அதில் எது ‘மர்டர்’ என்று பிரித்தது. இரண்டு பிரிவுகளின் சொற்களும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமானவை. சட்டத்தில் மிகவும் பலவீனமான பகுதி இதுவே என்று ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே குறை சொன்னார். 1976-ல் புன்னய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒருவாறு தெளிவுபடுத்தியது: கல்பபிள் ஹோமிசைட் பேரினம், மர்டர் அதன் சிற்றினம், எல்லா மர்டரும் கல்பபிள் ஹோமிசைட், ஆனால் மறுதலை உண்மையன்று.

299-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டைப் பட்டாசு வட்டாரத்தை நினைத்துக்கொண்டு படிக்கலாம். ஒருவர் ஒரு குழியின் மேல் குச்சிகளையும் புல்கரணைகளையும் பரப்பி மூடுகிறார். சாகடிக்கும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கலாம். அல்லது, யாரேனும் சாகக்கூடும் என்று அறிந்தே செய்திருக்கலாம். கெட்டித் தரை என்று நம்பி இன்னொருவர் அதில் கால் வைத்து, விழுந்து இறக்கிறார். மூடியவர் கல்பபிள் ஹோமிசைட் செய்தவர். தாமே தள்ளிவிடவில்லை என்பது பொருட்டன்று. இறந்தவர் தம் காலாலேயே நடந்து போய் விழுந்தார் என்பதும் பொருட்டன்று.

இதிலே முக்கியமான சொல் ‘அறிந்து’ என்பது. நோக்கம் இல்லாவிட்டாலும், சாவு நேரக்கூடும் என்ற அறிவு இருந்தாலே போதும். நோக்கமின்றி அறிவு மட்டும் இருந்த செயலுக்கு 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி பத்தாண்டு வரை சிறை வைத்தது.

1837 வரைவில் இருந்து 1860-ல் விடுபட்டுப்போன ஒன்று, 1870-ல் 304-ஏ என்ற பிரிவாகத் திரும்ப வந்தது. முன்யோசனையற்ற அல்லது கவனக்குறைவான செயலால், கல்பபிள் ஹோமிசைட் ஆகாத வகையில், மரணம் விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சைக்கிள் மோதலிலிருந்து ஆலை வெடிப்பு வரை எல்லாம் வந்து ஒதுங்கிய பிரிவு இதுதான். பத்தாண்டுக்கும் இரண்டாண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சொல்: அறிவு.

சிவகாசியின் சொற்கள்

சிவகாசியில் இத்தொழில் வேர்பிடித்த கதை பலமுறை எழுதப்பட்டது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்புத் தீப்பெட்டி, பின்னர் பட்டாசு. இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி நின்றதும், 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமமுறை ஒழுங்குபட்டதும் உள்ளூர்த் தொழிலுக்கு உதவின. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் மழை குறைவு என்பதே முதலீடாயிற்று.

தொழில் தனக்கென்று சொற்களை வைத்திருக்கிறது. வெடிக்கும் ரசாயனக் கலவைக்கு ‘மருந்து’ என்று பெயர். மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், மணி மருந்து என்று வேலைகளும் பொருள்களும் அப்பெயராலேயே வழங்குகின்றன. உரிமங்களை அவை வழங்கப்படும் இடத்தைக்கொண்டு டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்பார்கள். முதலாவது மாவட்ட வருவாய் அலுவலர் தருவது. மற்ற இரண்டும் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாகப் பெசோ, தருபவை; அதன் தலைமையகம் நாக்பூரில் உள்ளது. உரிமம் பெற்றவர் அறைகளைப் பிரித்து மற்றவர்களிடம் விடுவதற்கு உள்குத்தகை என்று பெயர். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இவற்றோடு சேர வேண்டிய இன்னொரு சொல் ‘உராய்வு’. எந்த வெடிவிபத்துச் செய்தியை எடுத்தாலும் ‘மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்ற வரி அநேகமாக இருக்கும். வெடித்த சில மணி நேரத்தில், இடிபாடுகள் ஆறும் முன்னரே, காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிடுகிறது. பலி என்ற சொல்லில் காலியாக இருந்த எழுவாய் இடத்தில் உராய்வு வந்து அமர்ந்துகொள்கிறது. அது பொய் என்று சொல்ல முடியாது. கலவை தீப்பற்ற உராய்வு போதும். வேதியியல் அதைத்தான் சொல்கிறது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்த கலவை மெல்லிய உரசலிலேயே வெடிக்கும். அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானே சூடேறும். ஆனால் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளை வைத்திருப்பதும் விற்பதும் 1992 ஜனவரியிலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டன. உரசினால் வெடிக்கும் பொருளை அங்கே வைத்தது யார், எவ்வளவு வைத்தது, ஒரே அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தது என்பவை உராய்வுக்கு முந்திய கேள்விகள்.

உராய்வு என்ற விளக்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. உரசியது ஒரு கை. அந்தக் கை பெரும்பாலும் இறந்துபோனவருடையது. மருந்து செலுத்திக்கொண்டிருந்தவரே கடைசிக் காரணம் ஆகிவிடுகிறார்.

அண்மைக் காரணம் என்னும் சிக்கல்

நீதிமன்றங்களும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 304-ஏ வழக்குகளில் சாவுக்கு ‘நேரடியான, செயல்திறனுள்ள’ காரணம் குற்றம் சாட்டப்பட்டவரின் செயலாகவே இருக்க வேண்டும் என்ற கோட்பாடு 1902-ஆம் ஆண்டு பம்பாய்த் தீர்ப்பிலிருந்து வருகிறது. 1964-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த குர்பான் உசேன் வழக்கு, பம்பாயில் ஒரு பெயிண்ட் தயாரிப்புக் கூடத்தில் ஏற்பட்ட தீயைப் பற்றியது. ஏழு தொழிலாளர்கள் இறந்தனர். எரியும் அடுப்புகளை எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்த அறையிலேயே வைக்க அனுமதித்தவர் மேலாளர். சூடான கலவையில் டர்ப்பன்டைனை ஊற்றியவர் ஒரு பணியாளர். மேலாளரின் கவனக்குறைவு உண்மை. ஆனால் சாவுக்கு அண்மைக் காரணம் பணியாளரின் செயல் என்று சொல்லி, 304-ஏ தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கான சிறிய குற்றம் மட்டும் நின்றது.

சிவகாசி உராய்வுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது. நல்லவேளையாக, நான்காண்டுகளில் அதே நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் பார்த்தது. 1968-ல் மகாராஷ்டிரப் பட்டாசுத் தயாரிப்பாளர்கள் தொடர்பான பாலசந்திரா வழக்கில், உரிம நிபந்தனைகளை மீறி, எளிதில் வெடிக்கும் அபாயகரமான பொருள்களைப் பயன்படுத்தியதே வெடிப்புக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டு, உரிமையாளர்களைப் பொறுப்பாக்கியது. கடைசியாக எந்தக் கை உரசியது என்று அங்கே தேடவில்லை. பட்டாசு பற்றிய தீர்ப்பு இது என்றாலும், வழக்குமன்றப் பேச்சில் அதிகம் எடுத்தாளப்படுவது பெயிண்ட் வழக்குதான் என்பது வியப்பு.

இவை இரண்டும் 304-ஏ பற்றியவை. 304-ன் இரண்டாம் பகுதிக்கு, அதாவது அறிந்தே செய்ததற்கு, தொழிலதிபர்களைக் கொண்டுபோக முடியுமா என்ற கேள்வி போபாலில் சோதிக்கப்பட்டது. 1984 டிசம்பர் 2-3 நச்சுவாயுக் கசிவுக்குப் பின், யூனியன் கார்பைடு இந்திய அதிகாரிகள் மீது இரண்டாம் பகுதியின் கீழ் குற்றச்சாட்டு வனையப்பட்டது. 1996 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆகக் குறைத்தது. அன்றிரவு ஆலையை நடத்துவதால் மனிதர் சாவர் என்ற அறிவு அவர்களுக்கு இருந்ததாகக் காட்டச் சான்று இல்லை என்பது காரணம். ஆயிரக்கணக்கானோர் இறந்த வழக்கு, 2010 ஜூன் 7 அன்று இரண்டாண்டுச் சிறையில் முடிந்தது. நாடே கொதித்தபோது சிபிஐ சீராய்வு கேட்டது. 2011 மே மாதம் அதுவும் தள்ளுபடியானது. அறிவு என்ற சொல்லை இவ்வளவு குறுக்கிப் படித்தது சரியில்லை என்று இன்றும் பல சட்ட அறிஞர்கள் கருதுகின்றனர். என் கருத்தும் அதுவே. பாதுகாப்புக் கருவிகள் பழுதாயிருப்பது தெரிந்தே ஆலையை ஓட்டுவது, குழியைக் குச்சியால் மூடுவதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

தமிழ்நாட்டில் வேறு திசையிலும் ஒரு தீர்ப்பு வந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த வழக்கில், 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் அதைக் குறைத்தது. மும்பையில் 2006-ல் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் மீது கார் ஏறிய வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவரின் இரண்டாம் பகுதித் தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. குடித்துவிட்டு ஓட்டினால் சாவு நேரும் என்று அறியாதவர் யார் என்பது வாதம். கார் ஓட்டுபவருக்குப் பொருந்தும் அறிவு ஆலை நடத்துபவருக்குப் பொருந்தும்போது மட்டும் மெலிந்துவிடுகிறது.

முதலிப்பட்டியும் அச்சங்குளமும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்தது. சாவு 38-க்குக் குறையாது. தீபாவளிக்கு முந்திய உற்பத்தி உச்சத்தில் இருந்த நேரம். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை அது என்பது பின்னர் வெளிவந்தது. இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதலில் எழுந்த தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊர்க்காரர்கள். இரண்டாவதாக நிகழ்ந்த பெருவெடிப்பு அவர்களைக் கொண்டுபோயிற்று. உராய்வு விளக்கம் இங்கே நொறுங்குகிறது. ஓடிவந்தவர் கை எதையும் உரசவில்லை. அவ்வளவு வெடிபொருள் ஒரே இடத்தில் குவிந்திருந்ததுதான் அவர்களைக் கொன்றது.

உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவு என்பது சட்டத்தின் மொழியில் ஒரு தாள் மட்டுமன்று. இங்கே இப்படி வேலை நடந்தால் ஆபத்து என்று உரிமையாளருக்கு எழுத்தில் சொன்ன சான்று அது. அறிவு இருந்ததா என்று கேட்கும் நீதிமன்றத்துக்கு இதைவிட நேரான ஆவணம் வேறென்ன இருக்க முடியும்? போபாலில் இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று, பட்டாசு ஆலைகளில் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கிறது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதி, அறைகளுக்கிடையே விட வேண்டிய தூரம், மரத்தடியில் வைத்து வேலை செய்யக்கூடாது என்ற தடை எல்லாமே, மீறினால் மனிதர் சாவர் என்பதற்காகவே எழுதப்பட்டவை. உரிமத்தில் கையெழுத்திடுபவர் அந்த அறிவுக்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறார்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிப்பில் இருபது பேருக்கு மேல் இறந்தனர். உள்குத்தகை இங்கே முழு உருவில் வெளிப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில்; அறைகள் பலர் கையில். உள்குத்தகை வெறும் வணிக ஏற்பாடு போலத் தோன்றும். சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அது அறிவைத் துண்டு துண்டாக்கும் கருவி. உரிமக்காரருக்கு அன்றைக்கு எந்த அறையில் எத்தனை பேர் என்று தெரியாது. உள்குத்தகைக்காரருக்கு உரிம நிபந்தனை என்ன என்று தெரியாது, அல்லது தெரியாது என்று சொல்லலாம். போர்மேனுக்கு இரண்டும் தெரியும். கையில் அதிகாரம் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் உரிமையாளர், குத்தகைதாரர், மேலாளர், போர்மேன் என்று பெயர்கள் வரிசையாக வருவது இதனால்தான்.

அந்த அறிக்கை பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரின் புகாரில் பதிவாகிறது. பிரிவு 304-ஏ ஆகவும் 304-ன் இரண்டாம் பகுதியாகவும் மாறிமாறி எழுதப்பட்டதைப் பழைய செய்திகளில் காணலாம். கூடவே வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கான 286, 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி ஆகியவை சேரும். பல உயிர் போன பெரிய வெடிப்பென்றால் கடுமையான பிரிவு. ஓரிருவர் என்றால் மென்மையான பிரிவு என்ற போக்கு தெரிகிறது. பிணங்களின் எண்ணிக்கை அறிவை அளக்காது. ஒருவர் இறந்தாலும் குழி அதே குழிதான்.

இந்தக் கணக்கில் சேராத ஒரு வகையும் உண்டு. உரிமமின்றி வீடுகளில் பட்டாசு செய்வது வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பகுதிகளில் தொடர்ந்து நடக்கிறது. அங்கே வெடித்தால் செய்தவரும் செத்தவரும் ஒரே குடும்பம். பிழைத்திருக்கும் ஒருவர் மேல் வழக்கு வரும். மூலப்பொருளை வீட்டுக்கு அனுப்பியவர் பெயர் அறிக்கைக்கு வந்து சேர்வது அரிது.

கொலை என்று சொல்லாமல் பொறுப்பாக்குவது

குற்றவியல் வழக்கு இப்படி இழுபடும்போது நீதிமன்றங்கள் வேறு வழியையும் தேடியிருக்கின்றன. சிவகாசியில் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-லும் 1996 டிசம்பர் 10 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் நடுவே, 1991-ல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்து பற்றிய செய்தியை நீதிமன்றம் தானாக எடுத்து, அரசிடம் விளக்கம் கேட்டு, வழக்கறிஞர் குழு ஒன்றையும் அமைத்தது. இறந்தவர்கள் 39 பேர் என்று தமிழ்நாடு அரசு பதிலளித்தது. தீர்ப்பின் பெரும்பகுதி குழந்தைகளைப் பற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதில் நன்கு அறியப்பட்ட கட்டளை. பட்டாசு ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கை பின்னர் குறைந்ததற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். 39 சாவுகள் அத்தீர்ப்பின் பின்னணிச் செய்தியாக நின்றன.

மேத்தாவின் இன்னொரு வழக்கு, டில்லி ஓலியம் வாயுக் கசிவு பற்றியது, 1986 டிசம்பரில் முழுப் பொறுப்பு என்னும் கோட்பாட்டைத் தந்தது. அபாயத் தொழில் நடத்துபவர் தம் தவறு இல்லை என்று காட்டினாலும் இழப்பீடு தர வேண்டும். இங்கே அறிவும் வேண்டாம், அண்மைக் காரணமும் வேண்டாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் விபத்துகளுக்கு இதே முறையை வைக்கிறது. அச்சங்குளம் வெடிப்பைத் தீர்ப்பாயம் தானாக எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்த ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. தானாக வழக்கெடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை 2021 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

குடும்பத்துக்குப் பணம் வேண்டும். அது விரைவாக வருவது நல்லது. ஆனால் இந்த முறையில் கொலை, மரணம் விளைவித்தல் என்ற பேச்சே எழுவதில்லை. தொகை உற்பத்திச் செலவில் ஒன்றாகச் சேர்ந்துவிடவும் கூடும். பிரிட்டன் 2007-ல் நிறுவன மனிதக்கொலைச் சட்டம் இயற்றியபோது நிறுவனத்தையே, அதன் மேலாண்மை முறையையே, குற்றவாளியாக்கியது. ஸ்காட்லாந்துக்கு அதே குற்றத்தின் பெயர் ‘கார்ப்பரேட் ஹோமிசைட்’. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. உள்குத்தகையால் துண்டுபட்ட அறிவை மறுபடி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு சொல் நம் சட்டத்தில் இன்னும் கிடைக்கவில்லை என்று இதைச் சொல்லலாம்.

2024-க்குப் பின்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. சிவகாசி வட்டாரக் காவல் நிலையங்களில் எழுதப்படும் எண்கள் மாறிவிட்டன. 304 இப்போது 105. 304-ஏ இப்போது 106. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு இரண்டாண்டாக இருந்த உச்ச தண்டனை ஐந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. 105-ல் அறிவு மட்டும் இருந்த செயலுக்குப் பத்தாண்டு வரை சிறையோடு அபராதமும் கட்டாயம். வெடிபொருள் கவனக்குறைவுக்கான 286 இப்போது 288.

299-ஆம் பிரிவு 100-ஆம் பிரிவாகியிருக்கிறது. வரையறைச் சொற்கள் ஏறத்தாழ அப்படியே உள்ளன. குழியின் மேல் குச்சிகளையும் புல்கரணைகளையும் பரப்பி வைத்தவரின் எடுத்துக்காட்டும் புதிய சட்டத்தில் முதலாவதாகவே நிற்கிறது.